மரம் விழுந்தபோது தாங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

நின்றுகொண்டிருந்த ஒரு காரை ஓடிக்கொண்டிருந்த கார் என்று நிரூபிக்க எத்தனை பேர் வேண்டும் என்று என்னிடம் கேளுங்கள். ஏழு பேர், ஒரு வேன், ஒரு பிளாஸ்டிக் கதிரை. நான் கணக்கு வாத்தியார், எண்ணிக்கையில் பிழை விடமாட்டேன். பெயர் கிரிஷாந்தன். பண்டாரவளையில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அது சோற்றுக்கு. ஊவா மலையேற்ற மோட்டார் கழகத்தில் நேரம் பார்ப்பதுதான் எனக்கு உயிர். கழகத்தின் விதிப் புத்தகத்தை எழுதியதும் நான்தான். முப்பத்தொரு விதிகள், ஒன்றில்கூட ஓட்டை கிடையாது.

மலையேற்றப் போட்டி என்றதும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கழகத்தில் வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுகிறவர் இருக்கிறார், ஹாலிஎலயில் பேக்கரி வைத்திருப்பவர் இருக்கிறார், ஒரு பல் டொக்டர் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளைக்கு அங்கால் மேபரி தேயிலைத் தோட்டத்து ரோட்டைக் கேட்டு வாங்குவோம். அடியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து மேலே தொழிற்சாலை வரை ஒன்றரை மைல், பதினொரு வளைவு. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். யாரும் யாரையும் முந்துவதில்லை. மேலே கடிகாரத்தோடு நான் நிற்பேன். குறைந்த நேரத்தில் வந்த மூன்று பேருக்குக் கப்.

இந்த வருஷம் மூன்றாம் இடம் ஜெயரூபனுக்கு. அதே மேபரி தோட்டத்து மேல்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். பதுளையில் ஜுனைதீன் நானாவின் கராஜில் மெக்கானிக். பசறையில் ஒரு வீட்டின் பின்னால் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய லான்சர் ஒன்றை வாங்கி, ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உயிர் கொடுத்து எழுப்பினான். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு புள்ளி நான்கு விநாடியில் ஏறினான். நானே அமத்திய கடிகாரம், நானே எழுதிய நேரம். அந்த ரோட்டில் அவன் அம்மா முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு ஏறியிருக்கிறார். அதே ரோட்டில் மகன் கப் வாங்கியதைப் பார்த்து லயத்துச் சனம் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எனக்கே கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிபோல ஜெயரூபன் தன் மனைவி சுதர்ஷினியை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் புறப்பட்டான். அப்புத்தளை தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. நல்ல பிள்ளையாக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, பஸ்ஸுக்கு வழி விட்டான். பஸ் போனது. மேட்டிலிருந்த டர்பன்டைன் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து காரின் பொனட்டில் விழுந்தது. முன் கண்ணாடி போனது, ரேடியேட்டர் போனது, பொனட் உள்ளே போனது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. சுதர்ஷினியின் மடியில் இருந்த கப்புக்கும் ஒன்றும் இல்லை.

ஜெயரூபன் பதறவில்லை. அவனிடம் ஆறுதல் காப்புறுதி நிறுவனத்தின் முழுக் காப்புறுதி இருந்தது. பதுளையில் மருந்துக் கடையில் வேலை செய்யும் சுதர்ஷினி, அரைக் காப்புறுதி போதும் என்றவனை இழுத்துப் போய் முழுதாகப் போட வைத்திருந்தாள். கம்பெனி விளம்பரப் பலகையில் ‘நீங்கள் விழும் இடத்தில் நாங்கள் இருப்போம்’ என்று எழுதியிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இருந்தார். வாஹித் என்று பெயர், சேதம் பார்க்கிறவர். நல்ல மனுஷன், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

வாஹித் மரத்தைப் பார்த்தார், பொனட்டைப் பார்த்தார், பிறகு கதவில் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்த இருபத்தேழு என்ற இலக்கத்தைப் பார்த்தார்.

“இது என்னா நம்பர், அண்ணே?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தச் சாரதியும் “பிள்ளைங்க ஒட்டிருச்சுங்க” என்று சொல்லியிருப்பான். மலையேறுகிற பைத்தியங்கள் சொல்லமாட்டார்கள். மரம் விழுந்ததிலிருந்து தொங்கிப் போயிருந்த ஜெயரூபனின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

“ரேஸ் நம்பர் சேர்! இன்னைக்கித்தான் ஓடுனேன். மூணாவது எடம்! சுதா, அந்தக் கப்ப எடு, சேருக்குக் காட்டு.”

“என்னாங்க, அவுங்க மரத்தப் பாக்க வந்துருக்காங்க. ஒங்க கப்பப் பாக்க வரல,” என்று சுதர்ஷினி அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

வாஹித் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, இத நான் எழுதத்தான் வேணுமா? காணாத மாதிரி போகவும் ஏலும்.”

“அய்யோ, ஏன் சேர்? தாராளமா எழுதுங்க. நேரத்தையும் எழுதுங்க. ரெண்டு நிமிஷம் முப்பத்தெட்டு. புள்ளி நாலு. அந்தப் புள்ளி நால விட்டுறாதீங்க சேர், நாலாவதா வந்தவரு புள்ளி ஒம்போது.”

வாஹித் பெருமூச்சு விட்டு எழுதினார். மொத்தம் நாற்பத்தொரு போட்டோ எடுத்தார். மரம் இரண்டு, பொனட் நான்கு, இலக்கம் பத்தொன்பது, கப் பதினாறு. கப்பைப் பல கோணங்களில் பிடித்துக் காட்டியவன் ஜெயரூபன்தான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார் நான் நான்கு தரம் வாசித்த பிறகே பொருள் பிடிபட்டது. பந்தயம், வேகப் பரீட்சை, அவற்றுக்கான ஆயத்தம், அவற்றின் தொடர்ச்சி ஆகியவற்றில் நேரும் சேதங்களுக்குக் காப்புறுதி கிடையாது. விசாரணை முடியும் வரை வாகனத்தை எவரும் தொடக்கூடாது. தொட்டால் கோரிக்கை ரத்து.

ஜெயரூபன் என்னிடம் ஓடி வந்தான். “சேர், நீங்கதான நேரம் பாத்தீங்க. பந்தயம் முடிஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்குக் காசு கீசு கூட வேணாம் சேர். சாமான குடுத்தா நானே நாலு நாள்ல செஞ்சுருவேன். அடுத்த வருஷம் ஏறணும்.”

அவன் கேட்டது அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஏற வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆறுதல் காப்புறுதியில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

சுதர்ஷினியும் சேர்ந்து மூன்று பேருமாகக் கம்பெனியின் பதுளைக் கிளை அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் மேனுஷா என்ற பெண் டோக்கன் எடுக்கச் சொன்னாள். “வேற யாருமே இல்லையேம்மா,” என்றேன். “அதனாலதான் சேர், எடுத்தீங்கன்னா மொத நம்பரே கெடைக்கும்,” என்றாள். எடுத்தோம். முதல் நம்பரைக் கூப்பிட முக்கால் மணி நேரம் ஆனது.

முகாமையாளர் சண்முகராஜா பதுளைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் புடைவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். எழுந்து நின்று கும்பிட்டார், தேநீர் வரவழைத்தார், ஜெயரூபனின் கப்பைப் பற்றி விசாரித்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு பேசினார்.

“நாங்க இந்தக் கம்பெனிய நடத்துறதே சனங்களுக்காகத்தான். விபத்து நடக்காத ஒவ்வொருத்தருக்கும் நாங்க கடைசி வரைக்கும் தொணையா நிப்போம். ஒரு கொறையும் வச்சதில்ல. போன வருஷம் விபத்து நடக்காதவங்களுக்கெல்லாம் கலண்டர் குடுத்தோம். நடந்தவங்கதான் எங்களப் புரிஞ்சுக்க மாட்டேங்கிறாங்க.”

“ஐயா, பந்தயம் பன்னிரண்டு மணிக்கு முடிஞ்சிருச்சு,” என்றேன். “கொடி ஆட்டியாச்சு, கப் குடுத்தாச்சு, நானே கையெழுத்துப் போட்டேன். மரம் விழுந்தது ரெண்டே காலுக்கு. கார் நின்னுக்கிட்டிருந்தது.”

“அது ரோட்டுல முடிஞ்சது சேர்.” அவர் புன்னகை செய்தார். “சாரதியோட மனசுல முடிஞ்சுதா? அதத்தான் கம்பெனி கேக்குது. கார் நிக்கலாம். மனசு நிக்குமா?”

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். சாரதி மனநிலைப் படிவம், ஆறு பக்கம். இருபத்திரண்டு கேள்விகளில் ஒன்பதாவது கேள்வி இது: மரம் விழுந்தபோது தாங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

அடுத்த சனிக்கிழமை என் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஜெயரூபன் அதை நிரப்பினான். சுதர்ஷினி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “மழ வரப்போகுதுன்னு நெனச்சேன்னு எழுதுங்க. வீட்டுல துணி காயுதுன்னு எழுதுங்க. என்னய நெனச்சேன்னு எழுதுனாலும் நான் கோவிக்கமாட்டேன்.”

“பொய் எழுதக் கூடாது சுதா, கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க,” என்றான். எழுதினான்: ‘ஏழாம் வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றியது பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றிலேயே விட்டிருந்தால் ஒரு விநாடி மிச்சப்பட்டிருக்கும்.’

இந்த இடத்தில் நான் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? தாளை வாங்கிப் பார்த்து, “ஒரு விநாடி இல்ல ஜெயா, ஒன்றரை,” என்று திருத்தினேன். அவனும் சந்தோஷமாக ஒன்றரை என்று மாற்றினான். சுதர்ஷினி எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சண்முகராஜா அந்த வரியைச் சிவப்பு மையால் கட்டம் போட்டு என்னிடம் காட்டினார். “பாத்தீங்களா சேர், ரெண்டே காலுக்கும் இவரு ஏழாம் வளைவுலதான் இருந்துருக்காரு.”

விசாரணை மேலிடத்துக்குப் போனது. கார் ஜுனைதீன் நானாவின் கராஜில், அதாவது ஜெயரூபன் வேலை செய்யும் அதே கராஜில், ஒரு மூலையில் நின்றது. கம்பெனி அங்கீகரித்த கராஜ் அது. கதவில் ஆறுதல் காப்புறுதியின் முத்திரை ஒட்டியிருந்தது. விபத்தன்று இழுத்து வந்தபடியே கிளை பொனட்டின் மேல் கிடந்தது, ஏனென்றால் கிளையை அசைத்தால் சாட்சியைக் கலைத்ததாகிவிடுமாம். காலையில் எட்டு மணிக்கு வந்து ஜெயரூபன் அந்தக் காருக்கு முன்னால் நின்றுதான் மற்றவர்களின் கார்களைத் திருத்தினான். ஆறுதல் காப்புறுதி அனுப்பிய கார்களும் அதில் அடக்கம். எல்லாம் மூன்று நாளில் மினுமினுப்பாக வெளியே போயின. தன் காரில் ஒரு ஸ்குரூவைத் தொட முடியாமல் இவன் நின்றான்.

இரண்டாம் மாதம், அந்த மரம் நின்ற தோட்டத்து ஒப்பீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரம் தோட்டத்துக்குச் சொந்தமானது, ஆகவே தங்கள் கார் எடுத்துச் சென்ற கிளையை ஏழு நாளுக்குள் திருப்பி ஒப்படைக்கவும். ஜெயரூபன் அதைச் சண்முகராஜாவிடம் காட்டினான். கிளை கம்பெனியின் பொறுப்பில் இருக்கிறது, அசைக்க முடியாது என்று அவர் பதில் எழுதினார். அப்படியானால் கிளைக்கு வாடகை தரவும் என்று தோட்டம் எழுதியது. இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் மிக மரியாதையாக எழுதிக்கொண்டார்கள், பிரதி மட்டும் ஜெயரூபனுக்கு வந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. கராஜ் கூரை அந்த மூலையில் ஒழுகும். உடைந்த கண்ணாடி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. பொலித்தீன் போட்டு மூடப் போனவனை ஜுனைதீன் நானா தடுத்தார். “மகன், வேணாம். அதையும் தொட்டதுன்னுதான் செல்லுவாங்க. எழுத்துல கேளு.” எழுத்தில் கேட்டான். அனுமதி தை மாதம் வந்தது. அப்போது நல்ல வெயில்.

அந்த நாட்களில் ஜெயரூபன் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று சுதர்ஷினி என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். “கராஜுல மழத் தண்ணி சொட்டுற சத்தம் கேக்குதுன்னு ராத்திரியில எந்திரிச்சு ஒக்காந்துக்கிறாரு சேர். வீட்டுல என்னா சத்தம்? கராஜு மூணு மைலு தள்ளி இருக்கு.” நான் என்ன செய்ய முடியும்? கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது.

மாசி மாதம் கொழும்பிலிருந்து விசாரணைக் குழு வேனில் வந்தது. குழுவில் மூன்று பேர், வேன் சாரதி ஒருவர், அளவு நாடா பிடிக்க ஒருவர், சண்முகராஜா, வாஹித். ஆக ஏழு. கிளை விழுந்த வளைவுக்கு என்னையும் ஜெயரூபனையும் வரச் சொன்னார்கள். முகில் இறங்கி ரோடு பாதி மறைந்திருந்தது. குழுத் தலைவர் கோட் போட்டிருந்தார். வானொலியில் செய்தி வாசிப்பவர்போலத் தமிழ் பேசினார்.

“வாகனம் நின்றிருந்ததாகக் கூறுகிறீர்கள். அப்போது அதன் வேகம் என்ன?”

“பூச்சியம் சேர்,” என்றான் ஜெயரூபன்.

“அந்தப் பூச்சியத்தை எந்தக் கருவியால் அளந்தீர்கள்?”

ஜெயரூபன் என்னைப் பார்த்தான். தலைவரும் என்னைப் பார்த்தார். “தாங்கள்தானே உத்தியோகபூர்வ நேரக் காப்பாளர். இங்கே கடிகாரம் வைத்திருந்தீர்களா?”

“நின்ன காருக்கு எதுக்குங்க கடிகாரம்?”

“அதாவது இல்லை. குறித்துக்கொள்ளுங்கள். வேகம் இல்லாமைக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாதபோது வேகம் இருந்தது என்று கொள்வதே நீதி. நாங்கள் எப்போதும் நீதியின் பக்கம் நிற்பவர்கள், அதனால் கம்பெனிக்கு நன்மை ஏற்பட்டால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.”

வாஹித் மட்டும் தொண்டையைச் செருமினார். “சேர், ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் ஈந்திச்சு. நான் வந்து பாத்தேன். போட்டோ எடுக்க மட்டும் மறந்துட்டன்.” தலைவர் அவரை ஏறிட்டுப் பார்த்த பிறகு வாஹித் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

பிறகு சம்பவத்தை மீள நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்றார்கள். காரைத்தான் அசைக்க முடியாதே. ஆகவே வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை இறக்கி, கார் நின்ற இடத்தில் போட்டு, ஜெயரூபனை உட்காரச் சொன்னார்கள். ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் கைகளை வைத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அளவு நாடாக்காரர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதிரைக்கும் மண்மேட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதினார். கதிரை நகர்கிறதா என்று பார்க்கிறாராம்.

வெறும் கையால் காற்றைப் பிடித்துக்கொண்டு நடுக்கும் குளிரில் உட்கார்ந்திருந்தான் அவன். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது என்றால் திட்டாதீர்கள். பதுளை பஸ் ஒன்று வளைவில் திரும்பி, கதிரையைக் கண்டு கிறீச்சென்று நின்றது. கொண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

“அண்ணே, ஏறுறீங்களா இல்லையா? நடு ரோட்டுல கதிரையப் போட்டு ஒக்காந்துருக்கீங்களே, ஒங்களுக்கு என்னா வந்துச்சு?”

“தெரியலப்பா,” என்றான் ஜெயரூபன், கைகளை இறக்காமல்.

இருபது நிமிடம் முடிந்ததும் தலைவர் குறிப்பேட்டை வாசித்தார். “கதிரை நகரவில்லை. ஆனால் அமர்ந்திருந்தவரின் வலது கால் இரண்டு முறை கீழ்நோக்கி அழுத்தியது.”

“கால் மரத்துப்போச்சு சேர், குளுருது.”

“வலது கால் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார் தலைவர்.

அதற்கு மேல் கம்பெனி பேசவில்லை. சித்திரையும் போனது. வைகாசியில் ஒருநாள் சண்முகராஜா ஜெயரூபனையும் சுதர்ஷினியையும் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மிக இரக்கமாக ஒரு வழி சொன்னார். அவர் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்திருக்கும்.

“தம்பி, ஃபைல்ல இருக்குற சிக்கல் எல்லாம் ஒன்னே ஒன்னுதான். நீங்க பந்தயத்துல ஓடிட்டீங்க. ஓடவே இல்லன்னு கழகம் ஒரு கடிதம் குடுத்துட்டா, ஏழாம் வளைவு ஏது, தொடர்ச்சி ஏது? ஃபைல் சுத்தமாயிரும்.”

அன்று பின்னேரம் இருவரும் பண்டாரவளைக்கு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னடா பேசுற? ரெண்டு முப்பத்தெட்டு புள்ளி நாலு. என் கையால எழுதுனது. ஒங்கம்மாவும் லயத்து ஆளுங்களும் நின்னு பாத்தாங்க. அத இல்லன்னு எழுதச் சொல்றியா?”

“ஆமாங்க சேர்.”

“ஒனக்கு வெக்கமா இல்ல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுதர்ஷினிதான் பேசினாள். “சேர், வெக்கப்படுறதுக்கு இன்னும் எங்ககிட்ட என்னா இருக்கு? எட்டு மாசமா அந்தக் காரச் செத்த வீட்டுப் பொணம் மாதிரி வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு கோட்டப் போட்டு அடிச்சு விட்டுருங்க. இவரு மனுசனா எந்திரிக்கட்டும்.”

“நேரம் இருந்து கார் இல்லன்னா நான் என்னா செய்யிறது சேர்?” என்றான் ஜெயரூபன். “கார் இருந்தா இன்னொரு தடவ ஏறி இன்னொரு நேரம் எடுத்துக்கலாம். ஏழாம் வளைவத் திருத்திட்டா இதவிட நல்லாவே வரும். அடிங்க சேர்.”

அடித்தேன். கழகச் செயற்குழுவில் பேசி, முடிவுப் பட்டியலில் இருபத்தேழாம் இலக்கத்தின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா, கோடு நேராக இருந்தது. நான்காவதாக வந்த வெலிமடை இன்பாஸ் மூன்றாவதானார். கப்பையும் மாற்ற வேண்டும் அல்லவா? ஜெயரூபனே அதைப் பழைய துணியால் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற இன்பாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். “எனக்கு இது வேணாம் தம்பி, சத்தியமா வேணாம்,” என்றார். “வச்சுக்குங்க அண்ணே, ஃபைலுக்கு வேணும்,” என்றான் இவன். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான்.

இரண்டு வாரத்தில் கம்பெனியின் முடிவு வந்தது. ஜெயரூபன் அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தான். நான்தான் வாசித்தேன். நல்ல தாள், எழுத்துப் பிழையே இல்லை.

தாங்கள் மேற்படி பந்தயத்தில் பங்குபற்றவில்லை என்பது கழகத்தின் கடிதத்தால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. அதற்காகத் தங்களைப் பாராட்டுகிறோம். ஆயினும் தங்கள் கோரிக்கையில், பந்தயத்திலிருந்து திரும்பி வரும் வழியில் விபத்து நடந்ததாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். போகாதவர் திரும்பி வர முடியாது. ஆகவே குறித்த பயணம் நடைபெறவில்லை. நடைபெறாத பயணத்தில் மரம் விழ வாய்ப்பில்லை. தங்கள் வாகனம் எவ்விதச் சேதமும் இன்றி உள்ளதெனப் பதிவு செய்து, இத்தால் முத்திரையை அகற்றுகிறோம். ஒரு வருடம் விபத்தின்றி வாகனம் செலுத்தியமைக்காகத் தங்களின் அடுத்த கட்டணத்தில் ஐந்து வீதம் கழிவு வழங்கப்படும். எங்கள் வாழ்த்துகள்.

சுதர்ஷினி என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு, அப்போதே சண்முகராஜாவுக்குப் போன் போட்டாள். “ஏங்க, ரேஸ் பாக்கவாவது போயிருக்கலாம்ல? வேடிக்க பாத்துட்டுத் திரும்பி வரலையா?” சண்முகராஜாவின் குரல் வெளியே எனக்கே கேட்டது. “நல்ல யோசனதாம்மா. அத மொதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா முன்னுக்குப் பின் முரணாயிரும்.”

ஜெயரூபன் அன்றே கராஜுக்குப் போய்க் கிளையைத் தூக்கி வெளியே போட்டான். பொனட்டை நெம்பித் திறந்து பார்த்தான். எட்டு மாத மழை எஞ்சினுக்குள் இறங்கி எல்லாவற்றையும் இறுக்கியிருந்தது. நாலு நாள் வேலை என்று இருந்தது இப்போது செய்ய முடியாத வேலையாகிவிட்டது. ஜுனைதீன் நானா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு தன் வேலைக்குத் திரும்பிவிட்டாராம். தோட்டத்து ஆட்கள் மட்டும் வந்து கிளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் நான் பாடசாலை விட்டு வரும்போது அவன் என் வீட்டு வாசலில் நின்றான். ஓவரோலில் அப்படியே வந்திருந்தான். உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“கார் போயிருச்சு சேர். சரி, விடுங்க. இனி அந்தக் கடிதத்தால ஒன்னும் ஆகப்போறதில்ல. என் நேரத்தயாச்சும் திருப்பிப் போட்டுருங்க. கப்பு வேணாம், இன்பாஸ் அண்ணனே வச்சுக்கட்டும். ரெண்டு முப்பத்தெட்டு புள்ளி நாலு, அந்தத் தாள்ல இருந்தா போதும். நான் ஏறுனேன்னு இருந்தா போதும்.”

நியாயம்தான். இதைவிட நியாயமான ஒன்றை இந்த எட்டு மாதத்தில் யாரும் கேட்கவில்லை. நான் எழுந்து அலுமாரியைத் திறந்தேன். முடிவுப் பட்டியலை எடுத்தேன். கூடவே விதிப் புத்தகமும் கையில் வந்தது.

“ஜெயா,” என்றேன், “பட்டியலப் பத்தின முறையீடு எதுவா இருந்தாலும் முடிவப் பலகையில ஒட்டி அரை மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். பத்தொன்பதாம் விதி. திருத்துன பட்டியலுக்கும் அதுதான். செயற்குழு கையெழுத்து வச்சு, கொழும்பு மோட்டார் சங்கத்துக்கும் பிரதி அனுப்பியாச்சு. ஒருதரம் திருத்துனத மறுபடி திருத்துனா, பட்டியல் மேலயே நம்பிக்க போயிரும். ஒனக்காக இல்ல, பொதுவாச் சொல்றேன். விதி எல்லாருக்கும் ஒன்னுதான.”

பேசியது என் வாய்தான். குரல் மட்டும் மிக இரக்கமாக, மிக நிதானமாக, ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பவரின் குரலாக இருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பத்தொன்பதாம் விதியில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதை எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?

ஜெயரூபன் கோபப்படவில்லை. கோபப்பட்டு இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். எட்டு மாதத்தில் அவன் நன்றாகப் பழகியிருந்தான். ஓவரோல் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அதுக்கு ஃபோம் ஏதும் இருக்குங்களா சேர்?”

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.